சோம்பேறிக் கை

காயலை. நேத்து மத்தியானம் கொடியில போட்ட நீச்சல் டிரஸ் இன்னைக்குக் காலை பத்து மணிக்கும் காயலை, வயித்துல ஒட்டிக்கிட்டுச் சில்லுன்னு கெடக்கு. எப்படிக் காயும்? எங்கம்மை அது மேல பெரிய துண்டைப் போட்டு நாலு பக்கமும் கிளிப்பு வேற மாட்டி வச்சிருந்தா. ‘ஏட்டி முப்புடாதி, நாலு பேரு போற தெருவுல இந்தக் கருமத்தையா விரிச்சுப் போடுவே’ன்னு கேக்கா. கழுத்துல இருந்து முட்டு வரைக்கும் மூடுத டிரஸ் அது. கொடியில கெடக்க துணிக்கே மாராப்புப் போடுத அம்மையை வீட்டுல வச்சுக்கிட்டு, முப்பத்தாறு வயசுல, லைஃப் கார்டு வேலைக்கு நான் இருநூறு மீட்டரை அஞ்சு நிமிசத்துக்குள்ள நீந்திக் காட்டணும். மொதத் தடவை அஞ்சு நிமிசம் இருபத்திரெண்டு செகண்டு. ரெண்டாந் தடவை அஞ்சு ஒம்பது. இது மூணாவது, மூணுக்கு மேல கெடையாதுன்னு அந்தா நாற்காலியில வாட்சோட உக்காந்திருக்க ஆபீசர் சொல்லிட்டாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லலை, பேப்பரைப் பாத்துச் சொன்னாரு. இன்னைக்குப் பொம்பளை லைஃப் கார்டு கெடைக்கலைன்னா வார மாசத்துல இருந்து பொம்பளைங்க நேரத்தையே எடுத்துருவாங்களாம். சாயங்காலம் மூணுல இருந்து நாலு, ஒரே ஒரு மணி நேரம், அதுவும் இவங்க கண்ணை உறுத்துது. ஒம்பது வருசமா இந்த நீச்சல் குளத்துல டிக்கெட்டுக் கிழிச்சு லாக்கர் ரூம் கழுவுத எனக்குத் தெரியும் அந்த ஒரு மணி நேரம் என்னன்னு. அழுதுக்கிட்டு வந்தவளுவ கூட ஈரத் தலையோட சிரிச்சுக்கிட்டுப் போவாளுவ. அந்த நேரத்துக்கு இப்ப இருக்க கார்டு ஆம்பளை. பொம்பளைங்களைப் பாக்கக் கூடாதுன்னு அவனைச் செவுத்தைப் பாத்து உக்கார வச்சிருக்காங்க. கூறு இருக்கா? காப்பாத்த வந்தவன் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, முங்குதவ என்ன அவன் முதுகைத் தட்டியா கூப்பிடுவா? ஆனி மாசம் ஒரு காலேஜ் பிள்ளை சுடிதாரோட ஆழத்துப் பக்கம் போயி முங்கிட்டு. சத்தமே வரலை. முங்குதவ கத்த மாட்டா. நான்தான் டிக்கெட்டுக் கட்டைக் கீழ போட்டுட்டுச் சேலையோட குதிச்சு, முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். அன்னைக்கு ஒருத்தரும் வாட்சைப் பாக்கலை. இன்னைக்கு வாட்சு. ‘அக்கா, ரெடியா?’ன்னு ஜெபசிங் சார் கேக்காரு. கோச்சு அவரு, என்னைவிட எட்டு வயசு சின்னவரு. ரெடிதான் சார், ஊதும்.

விசில். தண்ணி. வலது, எடது, வலது, எடது, கருப்புக் கோடு அடியில ஓடுது, வலது பக்கம் மூச்சு, திரும்ப முங்கு. கோவத்துல அடிக்காதீங்கக்கா, நீங்க தண்ணிய அடிச்சா தண்ணி உங்களை அடிக்கும்னு ஜெபசிங் சார் நேத்தும் சொன்னாரு. சரி சார், கோவமே படலை சார், இந்தா பாரும் எவ்வளவு குளுமையா போறேன்னு. பிடி, தள்ளு, பிடி, தள்ளு. அவரு தரையில சாக்பீஸை வச்சுப் படம் போட்டுத்தான் பாடம் நடத்துவாரு. ஒரு கை முன்னால நீண்டு தண்ணியப் பிடிக்கும்போது மத்தது பின்னால தள்ளி முடிச்சிருக்கணும். முடிச்ச கை சும்மா கெடக்கக் கூடாது, முழங்கையத் தூக்கிக்கிட்டு அந்தாக்ல முன்னால வந்துரணும், கெணத்து ராட்டு மாதிரி. காலை முட்டுல இருந்து ஒதைக்கப்படாது, இடுப்புல இருந்து அடிக்கணும். ரெண்டு கையும் ஒரு சுத்து முடிக்கதுக்குள்ள கால் ஆறு அடி. கையும் காலும் பேசிக்கிடணும்க்கா என்பாரு. எனக்கு அது ரெண்டும் பேசிக்கிடலையாம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு மாதிரி இருக்காம். வலது கையில குத்தம் இல்லையாம். எடது கை இருக்கே, அது ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தொடை பக்கத்துல போயி உக்காந்துக்கிடுதாம். அது உக்காந்த ஒடனே கால் ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னுருதாம். ஒவ்வொரு சுத்துக்கும் அரை செகண்டு ஒடம்பு வெறுங்கட்டையா மெதக்குதாம், அரை அரையாச் சேந்துதான் அந்த இருபத்திரெண்டு, அந்த ஒம்பது. செல்லுல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிக் காட்டினாரு. தண்ணிக்குள்ள என் கை, தொடையில, விரலை மடக்கிக்கிட்டு. ‘என்னக்கா, பாக்கெட்டுல சில்லறை தேடுதீங்களா?’ சுத்தி நின்ன பயலுவ எல்லாம் சிரிச்சானுவ. நானும் சிரிச்சேன். அதுதான் இப்ப எரியுது, அவனுவ சிரிச்சது கூட இல்ல, நானும் சேந்து சிரிச்சேன் பாருங்க, அது. சோம்பேறிக் கைன்னு பேரு வச்சாரு. சோம்பேறியா? வலது கை தொடப்பத்தைப் பிடிச்சிருக்கும்போது பக்கெட்டைத் தூக்குதது எந்தக் கையாம்? ஒரு நாளைக்கு நாப்பது பக்கெட்டு. உம்ம கை தூக்குமா சார் நாப்பது பக்கெட்டு? அந்தா செவுரு, தொடு, திரும்பு. ‘ஒண்ணு எட்டு! வெரசாப் போறீங்க, பைய, பைய!’ பையப் போனா அஞ்சு நிமிசத்தைத் தாண்டுது, வெரசாப் போனா பைய போங்காரு. இவருக்கு என்னதான் வேணும்?

அவரு சொன்னதுதான் சரி, அதுதான் எரிச்சல். அம்பது மீட்டருக்கே தோள் கனக்கு. நாலு நீளத்துல ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு, நான் அதுக்குள்ள பாதிப் பெட்ரோலைக் காலி பண்ணிட்டேன். சரி, கையப் பாப்போம். ஏ எடது கையே, இழுத்தியா, இப்ப நிக்காதே, வா, முன்னால வா. வந்துட்டு. அடுத்து. இழுத்தியா, வா. வரலை, உக்காந்துட்டு, சவம், தொடையில போயி உக்காந்துட்டு. கையக் கவனிச்சா மூச்சு தவறுது, மூச்சைக் கவனிச்சா கால் நிக்கி, காலை அடின்னா கழுத்து தூக்குது. கழுத்து தூக்குனா இடுப்பு எறங்கிரும்க்கா, தலை முன்னால பாக்கக் கூடாது, அடியில பாக்கணும். எத்தனையத்தான் பாக்க? ஒரு ஒடம்புக்குள்ள எத்தனை பேருக்கு வேலை சொல்லுதது? இருபது பேரை மேய்க்க சூப்பர்வைசருக்குக் கூட மத்தியானம் தூங்க நேரம் இருக்கு. மூக்குல ஏறிட்டு. குளோரின் தண்ணி நெத்தி வரைக்கும் ஏறி எரியுது. இரும முடியாது, இருமினா முங்கணும். இப்ப நான் இங்கன முங்கினா யாரு வருவா? ஜெபசிங் சார் குதிப்பாரு, அது தெரியும். அவரு என்னைப் பாத்துக்கிட்டு நிக்காரு, செவுத்தைப் பாத்துக்கிட்டு இல்ல. ஆனா நாளைக்கு மூணு மணிக்கு வாரவளுவளுக்கு? அந்தப் பிள்ளை அன்னைக்கு முங்கும்போது கண்ணு மட்டும் மேல தெரிஞ்சுது, என் கண்ணைத்தான் பாத்துது, டிக்கெட்டு குடுத்த அக்கான்னு அதுக்கு என்னைத் தெரியும். அந்தக் கண்ணு ராவும் பகலும் என்னை விடலை. நான் இதுல தோத்தா அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திருவாங்க, பொம்பளை கார்டு கிடைக்கலை, நாங்க என்ன செய்யன்னு கையை விரிச்சிருவாங்க. கிடைச்சிருக்கேனே! இந்தா கெடக்கேனே தண்ணிக்குள்ள! இந்தக் கை ஒழுங்கா வந்தா எல்லாம் சரியாப் போகும், இந்த ஒத்தக் கை. சாண் ஏறினா முழம் சறுக்குது. இழு, வா. இழு, வா. வர மாட்டேங்கு. வெட்டிப் போட்டாலும் தேவலை. செவுரு. ‘ரெண்டு இருபத்தேழு, அக்கா, எடது, எடது!’ தெரியும்யா, எடதுதான், எடது கையோடதான் பொறந்து தொலைச்சிருக்கேன்.

நெஞ்சு எரியுது. கோவப்படக் கூட மூச்சு இல்ல, பேசாம போறேன். கருப்புக் கோடு. வெள்ளை ஓடு, அதுல ஒண்ணு பேந்துருக்கு, அது எனக்குத் தெரியும், தண்ணிய எறக்கிக் கழுவும்போது குதிகால்ல கிழிச்சுது. வலது. எடது. ஈரத் துணி தொடையில சுருங்கிச் சுருங்கி ஏறுது, காஞ்சிருந்தா இப்படி ஏறாது, எல்லாம் எங்கம்மை பண்ணின வேலை. விரல்ல ஏதோ தட்டுது. எடது கை விரல்ல. துணி. என் விரலு அந்த ஈரத் துணியக் கிள்ளிக்கிட்டு நிக்கி. அடுத்த சுத்துலயும் கிள்ளுது. சில்லறை தேடலை சார், அது எதையோ பிடிக்கி. கீழ இழுத்துப் பிடிக்கி. எதை? முட்டு வரைக்கும் ஒட்டிப் போயிக் கெடக்க துணியில இழுக்கதுக்கு என்ன இருக்கு? ‘பாவாடையப் பிடிட்டி!’ அட நாசமாப் போக. ‘ஏட்டி, பாவாடையப் பிடி! பிடிட்டி பாவாடைய!’ எங்கம்மை சத்தம். படித்துறையில துணி துவைச்சுக்கிட்டே கத்துதா. பன்னெண்டு வயசு வரைக்கும் ஆத்துலதான் கெடந்தேன், பொட்டப்பிள்ளைக்கு அங்க என்ன நீச்சல் டிரஸ், பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டு எறங்குததுதான். எறங்கின ஒடனே காத்துப் பூந்து குடை மாதிரி உப்பும், உப்பி மேல எழும்பும். கைய வீசுன்னு எவளும் சொல்லித் தரலை, காலை அடின்னு எவளும் சொல்லித் தரலை, எனக்கு நீச்சல்ல கெடைச்ச பாடம் அது ஒண்ணுதான், பாவாடையப் பிடி. அதனால வலது கை நீந்தும், எடது கை ஒரு இழுப்பு இழுத்துட்டு ஓடி வந்து தொடையில பாவாடைய அமுக்கும். முட்டு ரெண்டும் சேந்துக்கிடும். அமுங்கிட்டுன்னு தெரிஞ்ச பொறவுதான் அடுத்த இழுப்பு. எதுத்தாப்புல ஆம்பளைங்க படித்துறை. அங்க பிரமநாயகம்னு ஒருத்தன், வேப்பங்குச்சிய வாயில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா ஒரே பல்லைத் தேய்ப்பான். கண்ணு பூரா இந்தக் கரையில. ஏல, கண்ணை மூடுலேன்னு அவனை ஒருத்தர் சொன்னதில்ல. பிடிக்க வேண்டியவ நான்தான். கடைசியில முப்பத்திரெண்டு பல்லும் கொட்டித்தான் செத்தான் மூதி. ஒரு நாள் நடு ஆத்துல நிக்க கல்மண்டபம் வரைக்கும் பந்தயம் வச்சோம், நாலு பயலுவ, நான் ஒருத்தி. பாதி வரைக்கும் நான்தான் முன்னால. ஒருத்தன் பக்கத்துல வந்துட்டான், எனக்கு வெறி ஏறிட்டு, ரெண்டு கையையும் போட்டேன். ரெண்டையும். பத்து இழுப்பு இருக்கும், அம்மாடி, தண்ணி எனக்கு வழி விட்டுட்டு. பாவாடை எழும்பிட்டு. அந்தக் கரையில சிரிப்பு. எங்கம்மைக்கு நீச்சல் தெரியாது, கழுத்து முங்க உள்ள வந்து என் முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. நான் அந்தக் காலேஜ் பிள்ளைய இழுத்த மாதிரியேதான் இழுத்தா. ஆனா நான் முங்கலையேம்மா. நான் ஜெயிச்சுக்கிட்டுல்லா இருந்தேன். அதுக்கப்புறம் இருபத்திநாலு வருசம் எந்தத் தண்ணியிலயும் என்னை எறங்க விடலை. அந்தப் பய மண்டபத்தைத் தொட்டான். செவுரு, தொடு. ‘மூணு நாப்பத்தெட்டு!’ அவரு சத்தம் ஒடஞ்சு போயிருக்கு. மீதி எழுவத்திரெண்டு செகண்டு. இப்ப வந்த நீளத்துக்கே எம்பத்தொண்ணு ஆயிருக்கு.

ஒதைச்சுத் தள்ளிட்டேன், கடைசி நீளம். கணக்குப் போட்டா தோல்விதான். கைய நிக்காதேன்னு சொன்னா நிக்கும், ரெண்டு மாசமா அதுதானே சொல்லிக்கிட்டிருக்கேன். கையில குத்தம் இல்ல. பாவம், அது இருபத்திநாலு வருசமா வேலை செஞ்சுக்கிட்டுல்லா கெடக்கு, இல்லாத பாவாடையப் பிடிச்சுக்கிட்டு. சோம்பேறியா இது? இதை விடக் கூலி இல்லாம ஒழைச்ச கை ஊருல உண்டா? சரி கண்ணு, போதும். உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. பாவாடைகிட்ட சொல்லுதேன். ஏ பாவாடையே, எழும்பு. உப்பு. குடை மாதிரி விரி. தலைக்கு மேல போ. ஆத்துல போ, பாலத்துக்கு அந்தப் பக்கம் போ, கடல்ல போயி விழு. பாக்கவன் பாக்கட்டும். ஏல பிரமநாயகம், பாருலே, வேப்பங்குச்சியத் துப்பிட்டு நல்லாப் பாரு, கால்தான், ரெண்டே ரெண்டு கால், உங்க ஆத்தாளுக்கும் அதே ரெண்டுதான். சிரிங்கலே எல்லாரும். நான் சேந்து சிரிக்க மாட்டேன். எடது கை தொடை வரைக்கும் வந்துது. பிடிக்க ஒண்ணும் இல்ல. போயிட்டு. அது பாட்டுக்கு மேல எழும்பி முன்னால வந்து தண்ணியப் பிடிச்சுட்டு. வலது தள்ளுது, எடது பிடிக்கி, எடது தள்ளுது, வலது பிடிக்கி. கால் ரெண்டும் விட்டுட்டு, இடுப்புல இருந்து வருது, ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு, நான் எண்ணலை, அது எண்ணுது. இதுதான் அந்தப் பத்து இழுப்பு. பதினொண்ணாவது இழுப்பு இருபத்திநாலு வருசம் கழிச்சு வருது, பன்னெண்டாவது, பதிமூணாவது. எங்கம்மை கத்துதா, கேக்கத்தான் செய்யுது, கத்தட்டும், நீச்சல் தெரியாதவ கழுத்தளவு தண்ணிக்குள்ள வந்தா பாருங்க, பிள்ளை முங்குதுன்னு வரலை, பாவாடை எழும்பிட்டுன்னு வந்தா, எழும்பினதுக்கா உசுரைக் குடுக்க வந்தே? அதை நெனச்சா அழுகையா கோவமான்னு தெரியலை, ரெண்டும் கையில எறங்கித் தண்ணியத் தள்ளுது. பேந்த ஓடு போயிட்டு. நெஞ்சு கிழிஞ்சா கிழியட்டும். மண்டபம் இன்னும் அஞ்சு இழுப்பு. நாலு. மூச்சு வேண்டாம். மூணு. கையப் போடு. ரெண்டையும் போடுட்டி.

செவுரு. ரெண்டு கையும் செவுத்துல. எனக்குக் காதுல என் மூச்சைத் தவிர ஒண்ணும் கேக்கலை. மேல ஆபீசரும் ஜெபசிங் சாரும் வாட்சு மேல குனிஞ்சு நிக்காங்க. ஆபீசர் ஒரு தடவை கண்ணாடியக் கழத்தித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு.

‘நாலு அம்பத்து நாலு’ன்னாரு. இந்தத் தடவை பேப்பரைப் பாக்கலை.

ஜெபசிங் சார் கரையில குத்த வச்சு உக்காந்துட்டாரு. ‘எக்கா, எக்கா! கடைசி அம்பதுல என்ன செஞ்சீங்க? கை ஒரு எடத்துல கூட நிக்கலையே! ரெண்டு மாசமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனேனே, அப்பம்லாம் வராதது எப்படிக்கா வந்துது?’

‘பாவாடைய விட்டுட்டேன் சார்.’

‘என்னது?’

ஆபீசர் கையில பேனா அப்படியே நின்னுட்டு. அந்தப் பக்கம் நீச்சலுக்கு வந்து நின்ன பயலுவ ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டானுவ, எவனும் சிரிக்கலை. ஏணியப் பிடிச்சு ஏறினேன். கடைசிப் படியில எடது கை மறுபடி பைய தொடைக்கு எறங்குச்சு, பழக்கம் லேசுல போகுமா, நானே அதைத் தூக்கிக் கம்பியில வச்சேன்.

ஜெபசிங் சார் துண்டை நீட்டினாரு. நல்ல மனசோடதான் நீட்டினாரு. ‘போத்திக்கிடுங்கக்கா, பயலுவல்லாம் பாக்கானுவ.’

‘பாக்கட்டும் சார். துணி காயணும்.’

வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. நான் அங்கனயே நின்னேன்.